கன்னாவின் அலகும் ஆன்மாவும்

யப்பானியத் தச்சர்களின் 'கன்னா' என்னும் கைச்சீவுளியைப் பற்றி எழுதுவோரில் பலர், கட்டைக்குள் அலகைப் பொருத்தும் கட்டத்துக்கு வந்ததும் ஆன்மாவையும் தியானத்தையும் துணைக்கு அழைத்துவிடுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணத்தை விளக்கச் சோம்பல் வரும் இடத்தில்தான் அலங்காரச் சொற்கள் குவியும் என்பதைச் செய்தித்தொழிலில் நெடுங்காலம் கண்டவன் நான்.

காரணங்கள் எளியவை. கன்னாவின் அலகு தலைப்பக்கம் தடித்தும் வெட்டும் நுனியில் மெலிந்தும் அடிக்கப்பட்டது. அதாவது, அலகே ஆப்பு. ஓக் மரக்கட்டையின் இரு பக்கமும் வெட்டப்பட்ட தவாளிப்புகளில் அது இறுகி நிற்கிறது. மெய்ஜி காலத்தில் (1868–1912) பரவத் தொடங்கிய இரண்டாவது தகடு, சீவல் எழும்போதே அதை முறித்து மரம் பிய்ந்துபோகாமல் காப்பதற்கானது.

வழக்கமான முறையில் செய்யப்பட்ட புதிய கட்டையில் அலகு முழுமையாக இறங்காது. இறங்கக் கூடாது என்றே செய்கின்றனர். அலகு சாயும் பக்கத்தில் மையோ எண்ணெயோ மெல்லப் பூசி, உள்ளே தட்டி, மீண்டும் வெளியே எடுத்தால், அழுந்தும் மேடுகள் மாத்திரம் கறுத்துத் தெரியும். அவற்றை உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி பூசி, மறுபடி தட்டி, மறுபடி சுரண்ட வேண்டும். அவசரப்பட்டு அதிகம் சுரண்டினால் அலகு தளர்ந்துவிடும்; அப்போது படுகையில் மெல்லிய கடதாசி ஒட்டிச் சரிசெய்வர். ஆன்மாவைப் பற்றி எழுதுவோர் இந்தக் கடதாசியைப் பற்றி எழுதுவதில்லை!

அலகின் இரு ஓரங்களிலும் சிறிது இடைவெளி விடுவது கட்டாயம். ஈரம் குறையும் பருவத்தில் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், இரும்போ சுருங்காது. இடைவெளி இல்லையெனில் கட்டை பிளக்கும். அலகு சற்றுச் சரிந்திருந்தால் பக்கவாட்டில் தட்டி நேராக்கவும் அதே இடைவெளி உதவுகிறது. முன்னே செலுத்த அலகின் தலையில் தட்டுவர். பின்வாங்க, அலகு சாய்ந்திருக்கும் பக்கத்துக் கட்டைத்தலையின் இரு ஓரங்களிலும், அலகின் சாய்வுக்கு இணையாக, மாறி மாறித் தட்டுவர். நடுவில் ஓங்கி அடித்தால் அங்கும் பிளவுதான்.

தோஷியோ ஒடாதே 1984இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட யப்பானியத் தச்சுக்கருவிகள் பற்றிய நூலின் தலைப்பிலும் 'ஆன்மா' உண்டு. ஆயினும் அவர் யப்பானில் தொழில் பயின்றவர். கருவியைத் தயார்செய்யும் விதத்தை நூலினுள் படிப்படியாகச் சொல்கிறார். அவரைப் பின்பற்றியவர்களிற் பலர் தலைப்போடு நின்றுவிட்டனர்.

1997இல் தொடங்கிய 'கெசுரோகாய்' கூட்டங்களில் சில மைக்ரோன் தடிப்பே உள்ள சீவல்களை எடுத்துக் காட்டுகிறார்கள். வியக்கத்தக்கதே. ஆனால் படம்பிடிக்கப்படுவது சீவல். அதற்கு முன் சுரண்டிய நேரம் எவர் கண்ணிலும் படுவதில்லை. இன்று உடனே பாவிக்கத்தக்க கன்னாக்களும், அலகைக் கழற்றி மாற்றும் வகைகளும் விற்பனையாகின்றன. அவற்றை நான் குறைசொல்லேன். ஆனால் எவர் பொருத்திக் கொடுத்தாலும் கட்டை பருவத்துக்குப் பருவம் அசையும். அதைச் சரிசெய்வது வரம்பெற்றவர்க்கே கைவரும் மறைபொருள் என்று ஓர் இளைஞனை நம்பவைத்தால், அலகு இறுகிய நாளில் அவன் உளியை எடுக்கமாட்டான். இன்னும் ஓங்கிச் சுத்தியலால்தான் அடிப்பான்.

பழைய கன்னா வாங்குவோர் அலகின் கூரைப் பார்ப்பதற்கு முன் அந்த ஓர இடைவெளிகளைப் பார்க்கட்டும். நெடுங்காலம் உலர்ந்த கட்டையில் அவை அநேகமாக மூடியிருக்கும்.