கயிறு கட்டிய கண்

குழந்தை விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிட்ட பட்டத்துக்கு இன்னொரு தொழிலும் தெரியும். அது படம் பிடிக்கும்!

பிரான்ஸ் தேசத்தின் வட கரையில், ஆங்கிலக் கால்வாயைப் பார்த்தபடி பெர்க் என்றொரு ஊர் இருக்கிறது. எலும்பு க்ஷய நோயாளிகளைக் கடற்காற்றில் கிடத்திச் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரிகளால் முன்பு பெயர் பெற்றது. இன்று அது உல்லாசக் கடற்கரை. வசந்தம் பிறந்தால் உலகெங்குமிருந்து பட்டம் விடுகிறவர்கள் அங்கே வந்து கூடுகிறார்கள்.

அந்தக் கரைக்கும் பட்டப் படத்துக்கும் உறவு பழையது. 1888-ல் தென் பிரான்சில் ஆர்தர் பாட்டு என்பவர் பட்டத்தில் காமிராவைக் கட்டி மேலே ஏற்றினார். மெல்ல எரியும் திரி ஒன்று, குறித்த நேரத்தில் காமிராவின் கண்ணைத் திறந்து மூடிற்று! 1890-ல் இந்த வித்தையைப் பற்றிப் புத்தகமும் போட்டார். அவர் காலத்தவரான எமில் வென்ஸ், பெர்க் கடற்கரையையே பட்டத்திலிருந்து படம் பிடித்தார். 1906-ல் பூகம்பத்தால் பாழான சான்பிரான்சிஸ்கோ நகரை ஜார்ஜ் லாரன்ஸ் சுமார் 2,000 அடி உயரத்திலிருந்து எடுத்த படம் உலகப் பிரசித்தம். அவருடைய கனத்த காமிராவைத் தூக்கியவை வரிசையாகக் கோத்த பட்டங்களே.

இப்போது டிரோன் வந்துவிட்டது. தலைக்கு மேல் இரைந்துகொண்டு வந்து எட்டிப் பார்க்கும் இந்த யந்திரத்தைக் கண்டு கடலில் குளிக்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பல கடற்கரைகளில் அதற்குத் தடையும் போட்டாயிற்று. "அந்தக் கையோடு காமிராப் பட்டத்தையும் தடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மணலில் படுத்திருப்பவர் எவரும் "என்னைப் படம் எடு" என்று சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. மேலேயிருந்து பார்ப்பது மனிதக் கண்ணா, கண்ணாடிக் கண்ணா என்பதால் அவருடைய கூச்சம் குறைந்துவிடாது.

ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல என்பதே என் கட்சி. பட்டத்துக்குக் கயிறு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் மறு நுனியில் ஆசாமி நிற்பார்! "ஐயா, ஏன் எடுக்கிறீர்கள்?" என்று நேரிலே கேட்கலாம். டிரோன்காரர் எங்கே ஒளிந்திருக்கிறாரோ, யார் கண்டது? மேலும், பட்டம் காற்றுக்கு அடிமை. ஒருவரைத் துரத்திக்கொண்டு போகவோ, ஜன்னலோரம் நின்று வேவு பார்க்கவோ அதற்குச் சாமர்த்தியம் போதாது.

இதனால் லாபம் என்ன என்பீர்கள். உல்லாசக் கடற்கரையின் மூலதனமே மணல்தான். ஒரே இடத்திலிருந்து வருஷா வருஷம் எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால், கடல் எங்கே கரையை அரித்தது, மணல்மேடு எங்கே கரைந்தது என்று பாமரனுக்கும் விளங்கும். 2010-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்து கரையெல்லாம் கறுத்தபோது, சாதாரண ஜனங்களே பலூனிலும் பட்டத்திலும் காமிரா கட்டி, நாசத்தைப் படமாக்கிச் சாட்சி சேர்த்தார்கள். விமானம் வாங்க வக்கில்லாதவனுக்கும் தன் ஊரை வானத்திலிருந்து பார்க்கும் உரிமை உண்டு. அதைப் பறித்துவிட்டால், உயரத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் சர்க்காருக்கும் பணக்காரருக்கும் மட்டுமே என்றாகிவிடும்.

உரிமை கேட்பவர் ஒழுங்கையும் ஏற்க வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் காமிராவைத் தொங்கவிடலாகாது. கயிறு அறுந்தால் விழுவது காகிதமல்ல. விமான நிலையத்தையும் மின்சாரக் கம்பியையும் விட்டு விலக வேண்டும். எடுப்பதற்கு முன் அருகிலிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முகம் அடையாளம் தெரிகிற படத்தை, அவர் சம்மதமின்றி ஒருவருக்கும் காட்டலாகாது.

இவ்வளவுக்கும் கட்டுப்படுகிறவரைக் கரையை விட்டு விரட்டாதீர்கள். கண் வானத்தில் இருந்தாலும் கால் நம்மோடு மணலில் நிற்கிறதல்லவா? அந்தக் கயிறு கையில் இருக்கிற வரையில் பயமில்லை.