திரை காட்டும் ஊரும் மண்ணில் நிற்கும் ஊரும்



நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பயணக் கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். இங்கிலாந்துக்குச் சென்று வரும் வாய்ப்புப் பெற்ற பிள்ளைகளின் கட்டுரைகளில் அண்மைக் காலமாக ஒரு நோய் தொற்றியிருப்பதைக் காண்கிறேன். ‘இந்தப் படத்தை இங்கேதான் எடுத்தார்கள்’, ‘அந்த நடிகர் நின்ற இடத்தில் நானும் நின்றேன்’, ‘அந்தத் தொடரில் வரும் தெரு இதுதான்’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஊரின் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. கல்லைக் கட்டியவன் யார், அங்கே உழுதவன் யார், இன்று குடியிருப்பவன் யார் என்ற வினாவுக்கு ஒரு வரிகூட இல்லை.

குறை பிள்ளைகளுடையது அன்று. படப்பிடிப்புத் தலங்களைப் பட்டியலிட்டுக் கையில் கொடுத்து, ‘இதுவும் வரலாற்றுப் பாடந்தான்’ என்று நம்ப வைப்பவர்கள் பெரியவர்களாகிய நாம்தாம். இந்தக் கூற்றை நான் மறுக்கிறேன். திரைப்படத்தின் காலடியைத் தேடிச் செல்லும் சுற்றுலா ஒருபோதும் வரலாற்றுப் பாடம் ஆகாது. பெரும்பாலும் அது வரலாற்றின் மேல் போர்த்தப்பட்ட திரை. பொதுப்படச் சொன்னால் வீண் வாதமாகிவிடும் என்பதால், இங்கிலாந்தின் ஒரே ஒரு நாட்டுப்புற மாவட்டத்தை எடுத்துக்கொண்டு என் கருத்தை நிறுவ முயல்கிறேன்.

வில்ட்ஷயர், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள வேளாண் மாவட்டம். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டமும் சால்ஸ்பரி பேராலயமும் இங்கேதான் உள்ளன. சுண்ணாம்புக் குன்றுகள், ஆட்டு மந்தைகள், கம்பளித் துணி நெசவு ஆகியவற்றால் வளர்ந்த மண் அது. இன்று உலகம் அதனைத் திரைக்காட்சிகளாலேயே அறிகிறது. லேக்காக் மடத்தின் நடைக்கூடங்கள் 2001-இல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் படத்தில் மந்திரப் பள்ளியாயின. லேக்காக் தெருக்களை 1995-இல் பிபிசியின் ‘பிரைட் அண்டு பிரெஜுடிஸ்’ தொடரிலும், 2007-இல் ‘கிரான்ஃபோர்டு’ தொடரிலும், 2019-இல் ‘டவுன்டன் அபி’ திரைப்படத்திலும் காணலாம். காசில் கூம் சிற்றூர் 1967-இல் ‘டாக்டர் டூலிட்டில்’ படத்திலும் 2011-இல் ‘வார் ஹார்ஸ்’ படத்திலும் வந்தது. ஸ்டவர்ஹெட் தோட்டமும் வில்டன் மாளிகையும் 1975-இல் ‘பேரி லிண்டன்’ படத்திலும், 2005-இல் வந்த மற்றொரு ‘பிரைட் அண்டு பிரெஜுடிஸ்’ படத்திலும் இடம்பெற்றன. பட்டியல் நீளமானதுதான். அந்தப் பட்டியலைப் படித்த பிள்ளை வில்ட்ஷயரைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறது என்பதே என் வினா.

முதலாவதாக, இடத்தைப் பற்றித் தவறாகக் கற்றுக்கொள்கிறது. 1995-ஆம் ஆண்டுத் தொடரில் லேக்காக், மெரிட்டன் என்ற ஊராக நடித்தது. ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட புதினத்தில் மெரிட்டன் இருப்பது ஹார்ட்ஃபோர்ட்ஷயரில். ‘கிரான்ஃபோர்டு’ என்று எலிசபெத் காஸ்கெல் எழுதியது செஷயரில் உள்ள நட்ஸ்ஃபோர்டை மனத்தில் வைத்து. டவுன்டன் கதை நடப்பது யார்க்ஷயரில். ‘வார் ஹார்ஸ்’ கதையின் ஊர் டெவனில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுப் படத்தில் மழையில் நனைந்தபடி நாயகன் காதலைச் சொல்லும் இடம் ஸ்டவர்ஹெட்டின் அப்பல்லோ மண்டபம். புதினத்திலோ அது கெண்ட் மாவட்டத்தில், வீட்டுக்குள் நிகழ்வது. வில்டன் மாளிகையின் புகழ்பெற்ற இரட்டைக் கனசதுர அறை அதே படத்தில் டெர்பிஷயர் மாளிகையின் கூடமாயிற்று. ‘தி கிரௌன்’ தொடரில் லண்டன் அரண்மனையின் அறையாயிற்று. இவ்வளவு ஊர்களாக வேடமிட்ட மாவட்டம் தன் பெயரில் தோன்றுவது அரிது. நாம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவது ஊரையா, ஊர் போட்ட வேடத்தையா?

இரண்டாவதாக, காலத்தைப் பற்றித் தவறாகக் கற்றுக்கொள்கிறது. ‘படம் எடுத்ததால் அந்த ஊர் பிழைத்தது’ என்று சொல்வோர் உண்டு. லேக்காக்கைப் பாருங்கள். சால்ஸ்பரி சீமாட்டி ஈலா, 1232-இல் அங்கே கன்னியர் மடத்தை நிறுவினார். எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்த காலத்தில், 1539-இல் அதுவும் மூடப்பட்டது; பின்னர் வில்லியம் ஷாரிங்டன் என்பவர் அதனை வாங்கி வீடாக மாற்றினார். வாரிசு வழியாக அது டால்பட் குடும்பத்துக்கு வந்தது. ஊரின் வீடுகளும் பெரும்பாலும் அதே குடும்பத்தின் உடைமை. மாட்டில்டா டால்பட் அம்மையார் 1944-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மடத்தையும் ஊரையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாரம்பரியக் காப்பு அமைப்புக்குக் கொடையாக அளித்தார். மேலே சொன்ன தொடர்களும் படங்களும் அங்கே வந்தது அரை நூற்றாண்டுக்குப் பிறகு. ஊர் பிழைத்திருந்ததால் படக்குழு வந்தது. படக்குழு வந்ததால் ஊர் பிழைக்கவில்லை. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக் கற்பிப்பதை நாம் எந்தப் பாடத்தில் அனுமதிப்போம்?

அந்த மடத்தில் ஓர் அறை உண்டு. கன்னியர்கள் குளிர் காய்வதற்காக நெருப்பு மூட்டப்பட்ட அறை அது. அங்கே பெரிய உலோகக் கொப்பரை ஒன்று நிற்கிறது. ஹாரி பாட்டர் படத்தில் அவ்வறை வகுப்பறையாகக் காட்டப்பட்டதால், அந்தக் கொப்பரை மந்திரக் கசாயம் காய்ச்சுவதற்காகப் படக்குழு செய்துவைத்த பொருள் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது 1500-ஆம் ஆண்டு மெக்கலன் நகரில், இன்றைய பெல்ஜியத்தில், வார்க்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகள் நிலைத்த பொருளைப் பொம்மையென்று நினைக்க வைத்துவிட்டு, அதற்கு வரலாற்றுச் சுற்றுலா என்று பெயர் சூட்டுகிறோம்.

இதனினும் பெரிய முரண் ஒன்று அதே வீட்டில் இருக்கிறது. மாட்டில்டா அம்மையாரின் பாட்டனார் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1835 ஆகஸ்டு மாதம், லேக்காக் மடத்தின் துருத்திய சாளரம் ஒன்றைச் சிறு பெட்டியின் வழியே வேதிப்பூச்சுத் தாளில் பதிவு செய்தார். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிழற்பட எதிர்ப்படிவம் அதுதான். ஒரு எதிர்ப்படிவத்திலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வழியைத் திறந்தவர் அவர். எதிர்ப்படிவத்திலிருந்து படி எடுக்கும் அந்த முறையே பின்னாளில் திரைப்படச் சுருளுக்கும் அடிப்படையாயிற்று. திறன்பேசியை உயர்த்திப் பிடித்தபடி அந்தச் சாளரத்தைக் கடந்து சென்று, ‘மந்திரப் பள்ளி எங்கே?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, தன் கையிலிருக்கும் கருவியின் தொட்டில்களுள் ஒன்று அந்தச் சாளரந்தான் என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டாவா?

மூன்றாவதாக, மனிதர்களைப் பற்றி ஒன்றுமே கற்றுக்கொள்வதில்லை. காசில் கூம் கம்பளி நெசவாளர்கள் வாழ்ந்த ஊர். 1966-இல் ‘டாக்டர் டூலிட்டில்’ படத்துக்காக அவ்வூரைக் கடற்கரைத் துறைமுகமாகக் காட்ட விரும்பினார்கள். கடலோ பல மைல்களுக்கு அப்பால் இருந்தது. ஆகவே ஊரின் ஓடையை அணை போட்டுத் தேக்கினார்கள். ஊரார் பலருக்கு அது பிடிக்கவில்லை. பின்னாளில் துருவப் பயணங்களால் உலகப் புகழ் பெற்ற ரானுல்ஃப் ஃபைன்ஸ், அப்போது 22 வயது இராணுவ அதிகாரி. படை வெடிமருந்தைக் கொண்டு அந்த அணையைத் தகர்க்க முனைந்து பிடிபட்டார், தண்டம் கட்டினார், சிறப்புப் படையிலிருந்தும் நீக்கப்பட்டார். வெடிமருந்தைக் கையிலெடுத்தது தவறே. அதனை நான் போற்றவில்லை. ஆயினும் அழகான ஊர் என்று கொண்டாடிக்கொண்டே, அவ்வூர் தன் உருவில் இருப்பது போதாது என்று அதன் ஓடையையே மாற்றியவர்களின் மனப்போக்கை அந்நிகழ்ச்சி வெட்டவெளிச்சமாக்குகிறது.

திரை காட்டும் வில்ட்ஷயரில் எப்போதும் வண்டி ஓடும், நடனம் நடக்கும், தேநீர் பரிமாறப்படும். 1830-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே நடந்தது என்ன தெரியுமா? குளிர்காலத்தில் கூலி வேலை கொடுத்துவந்த கதிரடிப்பை இயந்திரங்கள் பறித்துக்கொண்டதால், பட்டினியில் வாடிய பண்ணைத் தொழிலாளர்கள் அவ்வியந்திரங்களை உடைத்தார்கள். நவம்பர் 25 அன்று டிஸ்பரி அருகே குதிரைப் படையுடன் நடந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பலர் கைது செய்யப்பட்டு, குடும்பத்தைப் பிரிந்து ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மாளிகைகளின் விருந்துக் காட்சிகளில் மயங்கி நிற்கும் நம் பிள்ளைகளுக்கு, அந்த விருந்துக்குரிய தானியத்தை அடித்தவன் கதை தெரிய வேண்டும். தோட்டத் தொழிலாளர் வழிவந்த நமக்கு அது தெரியாமற்போவது இரட்டிப்பு வெட்கம்.

அதே மாவட்டத்தில் சால்ஸ்பரி சமவெளியில் இம்பர் என்று ஓர் ஊர் இருந்தது. 1943 நவம்பர் முதல் நாள் ஊர்மக்களைக் கூட்டி, 47 நாள்களுக்குள் வெளியேறுமாறு போர்த்துறை ஆணையிட்டது. படைப் பயிற்சிக்கு ஊர் தேவைப்பட்டது. சற்றேறக்குறைய 150 பேர், போர் முடிந்ததும் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு கிறிஸ்துமசுக்கு முன் வெளியேறினார்கள். திரும்பி வந்து குடியேற அவர்களுக்கு அனுமதி கிட்டவேயில்லை. இன்றும் அந்நிலம் இராணுவத்தின் வசமே உள்ளது. ஆண்டில் சில நாள்கள் மட்டுமே பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். பழைய தேவாலயம் நிற்கிறது, குடிமக்கள் இல்லை. லேக்காக்கிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் போகக்கூடிய தொலைவுதான். படப்பிடிப்புத் தலங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு செல்வோருக்கு அப்படியோர் ஊர் இருந்ததாகவே தெரியாது.

மறுப்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். படப்பிடிப்புக் கட்டணம் பழைய கட்டடங்களைப் பராமரிக்க உதவுகிறது என்பார்கள், உண்மை. சுற்றுலாவால் கடைகளும் விடுதிகளும் பிழைக்கின்றன என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் லேக்காக்கில் இருப்பவை அரங்கப் பொருள்கள் அல்ல. மக்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீடுகள். 2009-ஆம் ஆண்டு ஹாரி பாட்டர் படத்தில் வந்த வீட்டின் சாளரத்தை எட்டிப் பார்ப்பவர், உள்ளே உணவருந்தும் ஒரு குடும்பத்தை எட்டிப் பார்க்கிறார். பிள்ளைக்கு முதலில் ஆர்வம் வரட்டும், அறிவு பின்னால் வரும் என்பது இன்னொரு வாதம். ஆர்வம் வாசல், நான் வாசலை அடைக்கச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவதைத்தான் கண்டிக்கிறேன்.

இது வெள்ளைக்காரன் ஊர்ச் சிக்கல், நமக்கென்ன என்று எண்ண வேண்டா. 2015-இல் ஒளிபரப்பான ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடரில் சிம்லாவாக நடித்தது நம் பினாங்கு. 2018-இல் வந்த ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ படத்தில் சிங்கப்பூர்ச் செல்வக் குடும்பத்தின் மாளிகையாகக் காட்டப்பட்டது கோலாலம்பூரின் கார்கோசா ஸ்ரீ நெகாரா. வெளிநாட்டுப் பயணி ஒருவர் பினாங்குக் கொடிமலையில் நின்று, ‘ஆகா, சிம்லா!’ என்று வியந்தால் நமக்கு எப்படியிருக்கும்? அம்மலைக்குப் பாதை வெட்டியவர்களையும் இருப்புப்பாதை போட்டவர்களையும் அவர் கேளாமல் போனால் நம் மனம் நோகுமா, நோகாதா? நமக்கு நேர்ந்தால் நோவதை நாம் பிறர் ஊருக்குச் செய்யலாமா?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். படத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் புறப்படுமுன் மூன்று வினாக்களைக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். இவ்விடத்தைக் கட்டியவர் யார், எதற்காக? இங்கே உழைத்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று? இன்று இதனைக் காப்பவர் யார்? விடைகளைத் தேடி வந்த பிள்ளை எழுதும் கட்டுரையில் திரைப்படத்தின் பெயர் ஒரு மூலையில் அடக்கமாக இருந்துவிட்டுப் போகட்டும்; அதனால் தீங்கில்லை.

ஆசிரிய நண்பர்களே, ‘இங்கேதான் படம் எடுத்தார்கள்’ என்ற வரியைக் கண்டால் புள்ளிகளைக் குறைக்க வேண்டா. அதன் கீழே சிவப்பு மையால் ஒரே ஒரு வினா எழுதுங்கள்: ‘படம் எடுப்பதற்கு முன் இங்கே என்ன இருந்தது?’ விடை தெரியாத பிள்ளை நூலகத்துக்குப் போகும். போகவில்லையானால், கையைப் பிடித்து நாம் அழைத்துப் போவோம்.

சிந்திப்போம், செயற்படுவோம்.