மெஷினுக்குத் தெரியாத கெட்டிச் சட்னி

எங்கள் ஆபீஸுக்கு எதிரே ஒரு ஓட்டல். பதினைந்து வருஷமாக அங்கேதான் எனக்கு டிபன். சர்வர் பெரியவரை நாங்கள் எல்லாரும் 'அண்ணே' என்போம். ஆறு டேபிள் ஆர்டரையும் தலைக்குள்ளேயே வாங்கிக்கொண்டு, கிச்சன் வாசலில் நின்று ஒரே மூச்சில், "ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம் வெங்காயம் தூக்கலா, நாலு காபி, அதுல ஒண்ணு சர்க்கரை கம்மி!" என்று குரல் கொடுப்பார். பேப்பர், பென்சில் கிடையாது.

போன மாசம் போனால், அண்ணன் கையில் ஒரு டேப்!

"முறுகலா ஒரு ரோஸ்ட், கெட்டிச் சட்னி மட்டும்" என்றேன். விரலால் தடவித் தடவித் தேடினார். "ரோஸ்ட் இருக்கு தம்பி. முறுகலுக்கு பட்டன் இல்லையே!"

விஷயம் இதுதான். அவர் தொட்டவுடனே கிச்சனில் ஒரு குட்டி மெஷின், டேபிள் நம்பர், அயிட்டம், நேரம் எல்லாம் போட்டு 'டிர்ர்ர்' என்று சீட்டு துப்பும். அதே கணக்கு கல்லாவில் பில்லாகிவிடும். ஒரு ஊத்தப்பம் விற்றால் இருப்பில் அதற்குண்டான மாவு குறையும். நாளைக்கு எவ்வளவு அரைக்க வேண்டும் என்று ராத்திரியே முதலாளிக்குத் தெரிந்துவிடும். மாவு மிஞ்சாது, புளிக்காது.

எனக்குப் பொறுக்கவில்லை. படித்த கதையை அவிழ்த்துவிட்டேன்.

"அண்ணே, அமெரிக்காவுல டேட்டன்னு ஒரு ஊர். அங்கே ஜேம்ஸ் ரிட்டின்னு ஒரு சாராயக்கடை முதலாளி. வேலையாட்கள் கல்லாவுல கை வைக்கிறாங்கன்னு 1879ல அவரும் அவர் சகோதரரும் சேர்ந்து கல்லா மெஷின் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு வச்ச பேரே 'கைசுத்தமான காஷியர்'ங்கிற அர்த்தத்துலதான். ஆக, உங்களை நம்பாமத்தான் இதைக் கையில கொடுத்திருக்காங்க!"

அண்ணன் சிரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அறுபத்தி மூணு வயசாச்சு தம்பி. மறதி. போன வருஷம் ஒரு டேபிளுக்குச் சொன்னதை இன்னொரு டேபிள்ல கொண்டு போய் வச்சேன். பில்லுல ரெண்டு பொங்கலை விட்டுட்டேன், சம்பளத்துல பிடிச்சாங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பாங்க. இது வந்தப்புறம் ஒரு தப்பு இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி, இது ஞாபகத்துக்குப் போட்ட கண்ணாடி."

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் ஒருநாள் இட்லி கேட்டேன், பொங்கல் வந்தது. 'நமக்கு என்ன பிடிக்கும்னு அண்ணனுக்குத் தெரியும்' என்று பெருமையாகச் சாப்பிட்டேன். அது பாசமில்லை சார், மறதி!

சில ஓட்டல்களில் டேபிளிலேயே க்யூ.ஆர். கட்டத்தை ஒட்டிவிடுகிறார்கள். 1994ல் ஜப்பானில் டென்சோ கம்பெனி, கார் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காகக் கண்டுபிடித்தது அது. நாமே போனில் பார்த்து ஆர்டர் செய்துகொள்ளலாம். அங்கே அண்ணனுக்கு வேலையே இல்லை. இந்த முதலாளியோ மெஷினை டேபிளில் ஒட்டாமல் அண்ணன் கையில் கொடுத்தார். வித்தியாசம் அவ்வளவுதான். அண்ணன் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான்.

அதற்குள் அண்ணன், "கிடைச்சுடுச்சு தம்பி!" என்றார். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி அடித்து என்னிடம் காட்டினார்: 'முறுகல். கெட்டிச் சட்னி. நம்ம தம்பி.'

சட்னி இரண்டு தடவை வந்தது. பில்லில் வரவில்லை. மெஷினுக்கு அது இன்னும் தெரியாது. நீங்களும் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்!