ஜன்னலுக்குக் கீழே யார்?

நம்முடைய சங்கீதத்தில் ‘செரினேட்’ கிடையாது என்று நண்பர் ஒருவர் துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார். செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவர். மாமல்லபுரத்தில் நாட்டிய விழா பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். இரவில் காதலன் வந்து, காதலியின் ஜன்னலுக்குக் கீழே நின்று வாத்தியத்தை மீட்டிப் பாடுவானாம். அந்த இங்கிதம் நமக்கு வரவில்லையாம்!

அந்த இங்கிதத்தின் லட்சணம் ஐரோப்பியருக்கே தெரியும். 1787-இல் அரங்கேறிய மோட்ஸார்ட்டின் ‘டான் ஜியோவான்னி’யில் மாண்டலின் ஒலிக்க ஜன்னலடியில் உருகுகிறவன் யார்? பெண்களை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட போக்கிரி. அதுவும் வேலைக்காரனுடைய உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரு பணிப்பெண்ணுக்கு வலை வீசுகிறான். பாட்டு என்னவோ அமிர்தம். அதை நான் மறுக்கவில்லை.

நாங்கள் நடந்த அதே கடற்கரையில், வடக்கே கொஞ்ச தூரம் போனால் திருவிடந்தை. அங்குள்ள பெருமாள்மீது திருமங்கையாழ்வார் பாடிய பெரிய திருமொழிப் பதிகத்தில் பேசுகிறவள் ஒரு தாய். ஆசைப்பட்டு மெலிந்துபோன மகளுக்காக, ‘இவளை என்ன செய்வதாக உத்தேசம்?’ என்று பெருமாளையே மடக்குகிறாள். இங்கே ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் ஆண்பிள்ளை, ஐயா! வெளியே நின்று கேட்பது பெண்வீட்டார்.

பதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் க்ஷேத்திரக்ஞர், தமிழில் முத்துத்தாண்டவர், கனம் கிருஷ்ணையர். எத்தனை பதங்களில் நாயகி ஏங்குகிறாள், தோழியைத் தூது விடுகிறாள், நேரம் கழித்து வந்தவனை வாசலிலேயே நிறுத்தி விசாரணை நடத்துகிறாள்! ராத்திரிப் பாட்டு நம்மிடமும் உண்டு. பாடும் உரிமையைத்தான் அவளிடம் கொடுத்துவிட்டோம்.

கொடுத்துவிட்டுப் பறித்தோம் என்பதுதான் என் ஆத்திரம். பதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய தேவதாசி மரபுப் பெண்களை மேடையிலிருந்து ஒதுக்கினோம். அவர்களுடைய சிருங்காரத்துக்கு விரசம் என்று பெயர் சூட்டினோம். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, 1975-இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் சிருங்காரத்துக்காக வாதாட வேண்டியிருந்தது. யாரிடம்? தமிழிசை ரசிகர்களிடம்! வெட்கத்தால் வாயைப் பொத்திவிட்டு, ‘பாட்டே இல்லையே’ என்று அங்கலாய்ப்பது என்ன நியாயம்?

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். ‘அப்படியா, எங்கே கேட்கலாம்?’ என்றார். அன்று மாலை அதே மேடையில் ஒரு பெண் பதம் ஆடினாள். மெதுவாகப் போகிறது என்று சொல்லிச் சுண்டல் வாங்க எழுந்து போனவர் இவர்தான்.