மெய்ப்பாதுகாவலரின் பிள்ளைகள்



2017 யூலை 22 அன்று நல்லூரில், யாழ். மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர சுடப்பட்டார், மறுநாள் உயிரிழந்தார்.

அவருடைய மனைவியின் முன் நீதிபதி கதறி அழுதார். சிலாபத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கும் போனார். அழுததோடு நிற்கவில்லை, இரு பிள்ளைகளின் படிப்பையும் பொறுப்பேற்றார். தமிழ் நீதிபதியின் இந்தச் செயல் தெற்கிலும் பேசப்பட்டது.

இப்படிக் கடமையில் இறந்தவர்களின் குடும்பங்களைப் பொலிஸ் திணைக்களமும் கவனிக்கவேண்டும். 1864 மார்ச் 21இல் கொள்ளையன் சரதியலைப் பிடிக்கப் போய் உயிரிழந்த கான்ஸ்டபிள் சபானின் நினைவாக, ஆண்டுதோறும் பொலிஸ் வீரர் தினம் நடக்கிறது. மலர்வளையமும் அணிவகுப்பும் இருக்கட்டும். அந்த வாரத்திலாவது அதிகாரி ஒருவர், கடமையில் இறந்தவர்களின் வீடுகளுக்கு நேரில் போய், ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரித்து வரத் திணைக்களம் ஏற்பாடு செய்யவேண்டும்.

வாசகர்,
பண்டத்தரிப்பு