புகையை விட நினைப்பவனுக்கு என்ன வழி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தாராவித் தோல் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "அண்ணாச்சி, சிகரெட்டை விட்டுட்டேன்" என்றார். மகிழ்ந்து தட்டிக்கொடுத்தோம். உடனே சட்டைப் பையிலிருந்து பேனா போன்ற ஒரு சாமானை எடுத்துக் காட்டினார். "இப்ப இதுதான். புகை கிடையாது, வெறும் ஆவி. ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துபோகும்னு பான் கடைக்காரர் சொன்னார்." விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ரசீது கிடையாது. உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று அதன் மேல் நாம் படிக்கக்கூடிய மொழி எதிலும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீக்கடைச் சந்தில் அவரைப் பார்த்தோம். கையில் சிகரெட்டு, பையில் பேனா. பட்டறைக்குள் அது, வெளியே இது. நம்மைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தார். அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. டிக்கெட் கவுன்ட்டரில் இராத்திரி டூட்டி பார்த்துக்கொண்டே இருபது ஆண்டு பீடி குடித்தோம். நான்கு முறை விட்டுத் தோற்று, ஐந்தாம் முறைதான் விட்டோம். ஆகவே உபதேசம் செய்ய இதை எழுதவில்லை, தோழர்களே. சர்க்காரிடம் கணக்குக் கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் இந்த மின்சிகரெட்டைப் பற்றி. இதனால் யாருமே சிகரெட்டை விடுவதில்லை என்று சொன்னால் அது பொய். இங்கிலாந்தில் புகையை விடுவதற்கு அரசாங்கமே நடத்தும் உதவி நிலையங்களுக்கு வந்த 886 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடத்தி, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மின்சிகரெட்டு, மீதிப் பேருக்கு நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவை. ஓராண்டு கழித்துப் பார்த்தால், மின்சிகரெட்டு வாங்கியவர்களில் 100-க்கு 18 பேரும், மற்றவர்களில் 100-க்கு 10 பேரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். நெருப்பில் எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லாததால் கேடும் குறைவு. இதை மறைப்பானேன்?

ஆனால் அதே கணக்கின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். மின்சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்களில் 100-க்கு 80 பேர் ஓராண்டு கழித்தும் மின்சிகரெட்டை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆளைக் கட்டிப்போடும் நிக்கோட்டின் இரண்டிலும் உண்டு அல்லவா? அதுவும் அங்கே வாரந்தோறும் எதிரே உட்கார்ந்து பேச ஆள் இருந்தது. திரவத்தில் இவ்வளவுதான் நிக்கோட்டின் என்ற சட்டம் இருந்தது. நம் இளைஞருக்கு இருந்தது பான் கடைக்காரர் மட்டுமே. இரண்டையும் சேர்த்துக் குடிப்பதால், குறைத்துவிட்டோம் என்ற திருப்திதான் மிச்சம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட்டு குடிப்பவனுக்குக்கூட, இருபது குடிப்பவனுக்கு ஏறும் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி ஏறுகிறது என்று 2018-இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

சரி, சர்க்கார் என்ன செய்தது? 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டது. டிசம்பரில் பாராளுமன்றமும் சட்டம் செய்தது. மின்சிகரெட்டைச் செய்தாலோ, இறக்குமதி செய்தாலோ, விற்றாலோ முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போகாமல் தடுக்க வேண்டும் என்ற நியாயத்தை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பீடியும் சிகரெட்டும்? அவை மூலைக்கு மூலை தாராளமாகக் கிடைக்கின்றன. நாம் வயிற்றைக் கட்டிப் பிரீமியம் கட்டுகிறோமே ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன், அது நாட்டின் மிகப் பெரிய சிகரெட்டுக் கம்பெனியான ஐ.டி.சி.யில் பெரிய பங்குதாரர். நம் உயிருக்கும் அதுவே ஜாமீன், நம் புகையிலும் அதற்கே லாபம்!

தடையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று படித்த நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். யாருக்குச் சரியாகும்? 2016-17 சர்க்கார் கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் பீடி குடிப்பவர்கள் 100-க்கு 8 பேர், சிகரெட்டு குடிப்பவர்கள் 4 பேர். மூட்டை தூக்குகிற நம் ஆள் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பேனா வாங்குவானா? அவன் குடிக்கும் பீடியை ஊரில் அவன் அத்தையோ மதினியோ முறம் மடியில் வைத்துச் சுற்றியிருப்பாள். திருநெல்வேலிப் பக்கத்தில் எத்தனை வீட்டு அடுப்பு அந்தக் கூலியில் எரிகிறது என்று நமக்குத் தெரியாதா? பீடியை விடச் சொல்லும்போதெல்லாம் நம் நாக்கு கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. சுற்றுகிற பெண்களுக்கு மாற்றுத் தொழில் என்பது தனிப் போராட்டம். அதை இன்னொரு இதழில் பேசுவோம்.

இன்றைக்கு விட நினைப்பவர் பீடிக் கட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்தில் தமிழிலும் பேசுகிறார்கள். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் சீட்டு இல்லாமலே மெடிக்கல் கடையில் கிடைக்கும். ஆனால் அதை மாதக்கணக்கில் கைக்காசு போட்டு வாங்க முடியாமல் பாதியில் விட்ட தோழர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். கள்ளச் சந்தைப் பேனாவுக்கு ஆள் போவது இதனால்தான்.

ஆகவே மாநகராட்சி மருந்தகங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் இந்தச் சூயிங்கமை, கேட்கிற தொழிலாளிக்கெல்லாம் இலவசமாகத் தர வேண்டும். தாராவியில் வாரம் ஒரு நாளாவது தமிழ் தெரிந்த ஆலோசகர் உட்கார வேண்டும் என்று மனு தயாரித்திருக்கிறோம். கையெழுத்துத் தாள் சங்க அலுவலகத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் இருக்கும். புகை பிடிக்காதவர்களின் கையெழுத்தும் தேவைதான். ஆனால் முதல் பக்கத்தை இன்றைக்கும் பீடி குடிக்கிற தோழர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதில் முதல் கையெழுத்து அந்தப் பட்டறை இளைஞருடையது.