சுதந்திரத்துக்கு அடியில் ஒரு கழிவுத் தாங்கி

வான் வாழ்க்கை வீடியோக்களில் எல்லாம் வரும். பின்கதவு திறந்திருக்கும். வெளியே மலை தெரியும். வெள்ளைப் போர்வைக்குள் இருந்து நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கோப்பி ஆவி பறக்கும். அந்தக் கோப்பியைக் குடித்தவர் அரை மணித்தியாலம் கழித்து எங்கே போனார் என்பது மட்டும் வராது. வெட்டி எறியப்பட்ட அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றித்தான் நாங்கள் கதைக்கப்போகிறோம். சிரிக்காதேங்கோ, இது அரசியல் கேள்வி.

2011இல் போஸ்ரர் ஹன்ரிங்ரன் என்ற அமெரிக்க இளைஞர் நியூயோர்க்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு வானில் ஏறினார். போகிற இடமெல்லாம் படம் எடுத்து 'வான் லைவ்' என்ற ஹாஷ்டாக்கோடு போட்டார். பிறகு நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு எங்கட வகுப்புக் குறூப்புகளிலும் அந்த வீடியோக்கள் சுற்றுகின்றன. "வீடு, வாடகை, கடன் எல்லாம் மனசு போட்ட சங்கிலி, உதறிவிட்டு வெளிக்கிடு" என்று கீழே யாராவது எழுதுகிறார்கள். நாங்களும் இதயம் போடுகிறோம்.

எங்களுக்குப் பயணத்தோடு பகை இல்லை. எங்கட சண்டை அந்த வசனத்தோடுதான். வீட்டு வாகனம் ஒருவரை வீட்டில் இருந்து விடுதலை செய்வதில்லை. ஒரு வீடு இயங்குவதற்கு ஊரே சேர்ந்து செய்கிற வேலைகளை அது ஒரே ஆளின் தலையில் கட்டிவிடுகிறது. காசு உள்ளவருக்கு அந்தச் சுமை பொழுதுபோக்கு. காசு இல்லாதவருக்கு அதே சுமை குற்றம். இந்த இரண்டையும் ஒரே ஹாஷ்டாக்குக்குள் போட்டு விற்பதுதான் எங்களுக்குக் கோபம்.

முதலில் தண்ணீர். அமெரிக்கர்கள் 'ஆர்.வி.' என்று சொல்கிற ஒரு முழு வசதியுள்ள வீட்டு வாகனத்தில் மூன்று தாங்கிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. மற்றது குளித்த, கழுவிய தண்ணீருக்கு, அதைச் சாம்பல் தண்ணீர் என்பார்கள். மூன்றாவது மலசலத்துக்கு, அது கறுப்புத் தண்ணீர். எங்கட வீட்டுக் குழி நிரம்பினால் பிரதேச சபைக்குச் சொல்லி கலிபவுசரைக் கூப்பிடலாம். ஆர்.வி.யில் பவுசர்காரரும் நீங்கள்தான். கையுறை போட்டு, ஒரு தடித்த குழாயைப் பொருத்தி, அதற்கென்று இருக்கிற இடத்தில் நின்று வாகனத்தின் வயிற்றைக் காலி செய்யவேணும். அதிலும் ஒரு சாத்திரம் இருக்கிறது. கறுப்பை முதலில் விடவேணும், சாம்பலைப் பிறகு விடவேணும். அப்பதான் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கறுப்புத் தாங்கியின் வால்வை எப்போதும் திறந்தே வைக்கலாம் என்று யோசித்தால், நீர் மட்டும் ஓடிவிடும், மிச்சம் உள்ளே கோபுரமாகக் காயும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை காத்திருக்கத்தான் வேணும். பனிக்காலம் வந்தால் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அதற்கு முன்பே எல்லாவற்றையும் வடித்து உறைதடுப்புத் திரவம் ஊற்றவேணும்.

அடுத்தது மின்சாரம். முகாம் மைதானங்களில் 30 அம்பியர், 50 அம்பியர் என்று இரண்டு வகை இணைப்புகள் உண்டு. அமெரிக்காவின் 120 வோல்ற்றில் 30 அம்பியர் என்றால் 3,600 வாற். குளிரூட்டியைப் போட்டபடி மைக்ரோவேவில் சோற்றைச் சூடாக்கினால் பிரேக்கர் விழும். இணைப்பே வேண்டாம், காட்டுக்குள் நிற்கிறோம் என்றால் பட்டறி, சோலார், ஜெனறேற்றர் மூன்றையும் கட்டி மேய்க்கவேணும். காட்டின் அமைதியைத் தேடிப் போனவர் கடைசியில் பக்கத்து ஆர்.வி.யின் ஜெனறேற்றரைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். ஜெனறேற்றர் போடுவதற்கு நேரக் கட்டுப்பாடு வைக்கவேண்டிய நிலைமை பல தேசியப் பூங்காக்களுக்கு வந்தது சும்மா இல்லை.

"அப்ப சின்ன வான் ஒன்று எடுத்தால் சரிதானே?" இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. சின்ன வான் எந்த றோட்டிலும் போகும், எந்தக் கடை வாசலிலும் நிற்கும். ஆனால் அதற்குள் நிமிர்ந்து நிற்க இடம் தேடவேணும், மழை நாளில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சகிக்கவேணும், மலசலகூடம் பெரும்பாலும் ஒரு வாளிதான். பெரியதை எடுத்தால் கட்டில், குளியலறை, அடுப்பு எல்லாம் இருக்கும். ஆனால் மொன்ரானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் மலையைக் கடக்கிற புகழ்பெற்ற பாதையின் முக்கியமான பகுதியில், 21 அடிக்கு மேல் நீளமான வாகனங்களுக்கு அனுமதி இல்லை. மலையைப் பார்க்க வாங்கிய வீட்டை மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வேறு வாகனம் பிடித்துத்தான் மேலே போகவேணும். அதனால்தான் பெரிய ஆர்.வி.க்காரர் பலர் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு திரிகிறார்கள். வீட்டை இழுக்கிற வாகனம், வாகனத்தை இழுக்கிற வீடு. இதுதான் சுமையைக் குறைத்த எளிமையான வாழ்க்கையாம்!

எரிபொருள் கணக்கையும் பார்த்துவிடுவோம். பஸ் அளவான ஆர்.வி. ஒன்று ஒரு லீற்றருக்கு மூன்றரை, நாலு கிலோமீற்றர் ஓடினால் பெரிய விஷயம். 2022இல் கியூஆர் கோட் வந்த தொடக்கத்தில் ஒரு காருக்கு எங்களுக்குக் கிடைத்தது கிழமைக்கு 20 லீற்றர். அந்தப் பங்கீட்டில் இந்த வாகனம் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருமாதிரிக் கிளிநொச்சியைப் பிடிக்கும். திரும்பிவர அடுத்த கிழமை வரைக்கும் காத்திருக்கவேணும். பெற்றோல் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். "காசே இல்லாமல் ஊர் சுற்றலாம்" என்ற தலைப்பைப் பார்த்ததும் எங்களுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்திருக்கவேணும்.

சரி, "நினைத்த இடத்தில் நிற்கலாம்" என்ற வாக்குறுதியாவது உண்மையா? பேர்பெற்ற தேசியப் பூங்காக்கள் பலவற்றில் கோடைக்காலத்து இடங்கள் ஆறு மாதத்துக்கு முதலே ஒன்லைனில் திறக்கும், திறந்த கையோடு முடிந்துவிடும். இலவசமாக நிற்கலாம் என்றால் மேற்கு மாநிலங்களில் நில முகாமைத்துவப் பணியகத்தின் பொது நிலங்கள் இருக்கின்றன. அங்கே பொதுவான விதி 28 நாட்களுக்குள் 14 நாள். அதற்குப் பிறகு கிளம்பவேணும். அங்கே தண்ணீர்க் குழாயும் இராது, கழிவு விடுகிற இடமும் இராது. ஆக, இலவசமாக நிற்கிறவர் தண்ணீருக்கும் கழிவுக்கும் பட்டினத்துக்கு ஓடுவார். வசதியோடு நிற்கிறவர் ஒவ்வொரு இரவுக்கும் காசு கட்டுவார். வாடகையில் இருந்து தப்பினவர் வாடகையைத் துண்டு துண்டாகக் கட்டுகிறார், அவ்வளவுதான்.

இன்னொரு வில்லங்கம் விலாசம். ஓட்டுநர் அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வங்கி, வரி எல்லாமே ஒரு வீட்டு விலாசத்தைக் கேட்கும். அதனால் முழுநேரமாக வாகனத்தில் வாழும் அமெரிக்கர் பலர் தென் டகோட்டா, ரெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களில் கடிதங்களை வாங்கி அனுப்பும் சேவைகளிடம் காசு கட்டி ஒரு விலாசம் வைத்திருக்கிறார்கள். வீடு வேண்டாம் என்றவருக்கும் காகிதத்தில் ஒரு வீடு தேவைப்படுகிறது.

இவ்வளவையும் சொன்னால், "கஷ்டத்தை அனுபவிக்கத்தானே போறம், அதுதானே சுவை" என்று பதில் வரும். ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சுவை திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறவருக்குத்தான். தாங்கி நாறினால், பனி கொட்டினால், எஞ்சின் உடைந்தால் "இந்த வருசத்துக்குப் போதும்" என்று சொல்லக்கூடியவருக்கு. அப்படிச் சொல்ல ஏலாதவர்களும் அதே றோட்டில்தான் நிற்கிறார்கள்.

ஜெசிக்கா புரூடர் என்ற ஊடகவியலாளர் 2017இல் வெளியிட்ட 'நோமாட்லாண்ட்' புத்தகம் அவர்களைப் பற்றியது. 2008 நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த, ஓய்வூதியம் வாடகைக்கே காணாத, அறுபது எழுபது வயதுக்காரர்கள். முகாம் மைதானங்களில் மலசலகூடம் கழுவுகிறார்கள். சீனிக் கிழங்கு அறுவடைக்குப் போகிறார்கள். நத்தார் காலத்தில் அமேசன் களஞ்சியங்களில் கால் கடுக்க நடந்து பொருள் எடுக்கிறார்கள். இப்படி வாகனத்தில் வாழ்கிறவர்களைப் பருவகால வேலைக்கு எடுப்பதற்கென்றே அமேசன் 'கம்ப்பர்போர்ஸ்' என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. தங்க வீடு கட்டிக் கொடுக்கத் தேவையில்லாத, வேலை முடிந்ததும் தானே உருண்டு போகிற தொழிலாளரை விட முதலாளிக்கு வேறென்ன வேணும்?

இந்தப் புத்தகத்தை வைத்து குளோயி சாவ் எடுத்த படம் 2021இல் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை என மூன்று ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. படத்தில் வருகிற எம்பயர் உண்மையான ஊர். நெவாடாவில் ஜிப்சம் தொழிற்சாலையை நம்பி இருந்தது. 2011இல் ஆலையை மூடினார்கள். ஊரின் அஞ்சல் குறியீட்டையும் நிறுத்தினார்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. வாளியைக் கூட நேர்மையாகக் காட்டுகிறது. ஆனால் புத்தகத்தில் உடம்பை உடைக்கிற களஞ்சிய வேலை, படத்தில் ஏறக்குறைய ஒரு சுமுகமான வேலைத்தளமாக மாறிவிடுகிறது. கோபத்தைக் கழற்றிவிட்டு அந்தி வானத்தைப் பூட்டியிருக்கிறார்கள். படம் முடிய எங்களில் எத்தனை பேருக்கு அந்தத் தொழிலாளரின் கூலி ஞாபகம் வந்தது, எத்தனை பேருக்கு "நாங்களும் ஒரு வான் வாங்கவேணும்" என்று ஆசை வந்தது? கேட்டுப் பாருங்கோ.

இப்போது சட்டத்துக்கு வருவோம். ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஒரு சின்ன நகரம். பொது இடத்தில் போர்வை விரித்துத் தங்குவதைத் தடைசெய்து அது சட்டம் வைத்திருந்தது. அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் வாகனமும் அடங்கும். தண்டப்பணம் 295 டொலர், கட்டாவிட்டால் 500ஐயும் தாண்டும். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் சிறை வரைக்கும் போகலாம். இதை எதிர்த்து வழக்காடியவர்களில் ஒருவரான குளோரியா ஜோன்சன், வானில் வாழ்ந்த ஒரு பெண். 2024 ஜூன் 28ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. போக இடமில்லாதவரையும் இப்படித் தண்டிப்பது அரசியலமைப்பு தடைசெய்கிற கொடூரமான தண்டனை ஆகாது என்றது.

யோசித்துப் பாருங்கோ. வானுக்குள் படுத்து எழும்பி ஒருவர் வீடியோ போட்டால் விளம்பரதாரர் வருகிறார். இன்னொருவர் அதேபோல் வானுக்குள் படுத்து எழும்பினால் பொலிஸ் கண்ணாடியில் தட்டுகிறது. இரண்டு பேருக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் மனப்பான்மை இல்லை, காசு. தோலின் நிறமும் இதில் இருக்கிறது. தான் சந்தித்த வாகனவாசிகளில் பெரும்பாலானோர் வெள்ளையர் என்பதைப் புரூடரே எழுதுகிறார். இருட்டில் கண்ணாடி தட்டப்படும்போது கறுப்பினத்தவர் ஒருவருக்கு என்ன நடக்கக்கூடும் என்பதை அமெரிக்காவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கும் விளக்கத் தேவையில்லை. 1995இல் வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டவர்களும், 2009 வரைக்கும் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தவர்களும் வீட்டை ட்ரக்டரிலும் சைக்கிளிலும் ஏற்றித் தெருவில் வாழ்ந்தார்கள். அதை ஒருத்தரும் சுதந்திரம் என்று சொல்லவில்லை. வீட்டைக் கூடவே கொண்டு போவது எப்போது அழகு, எப்போது அவலம் என்பதை வாகனம் தீர்மானிப்பதில்லை. திரும்பி வர இடம் இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது.

அப்ப பயணமே வேண்டாமா? வேணும். எங்களுக்கு, முக்கியமாக எங்களில் உள்ள பெண்களுக்கு, கட்டாயம் வேணும். ஆனால் அதற்குத் தேவையானது ஆளுக்கொரு வீட்டு வாகனம் இல்லை. இரவு பஸ் நிற்கிற இடத்தில் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற, வெளிச்சம் உள்ள ஒரு மலசலகூடம். குடிக்க ஒரு பொதுக் குழாய். ஒரு மாணவி தனியாகப் போய்க் கேட்டாலும் ஏற இறங்கப் பார்க்காமல் அறை கொடுக்கிற, கட்டக்கூடிய விலையில் ஒரு தங்குமிடம். பயணம் போகிற அன்று காலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் எங்கட வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளைப் போர்வை வீடியோ ஒன்றையும் தராது. பஸ் நிலையத்தில் ஒழுங்கான மலசலகூடம் கட்டினால் அவர்கள் திருகோணமலைக்கும் போவார்கள், ஹற்றனுக்கும் போவார்கள்.

சுதந்திரம் என்பது சுமைகளைத் தனியாகத் தூக்குவது இல்லை. அவற்றை எல்லோரும் பங்கு போட்டுத் தூக்குவது. அதைப் பிரதேச சபையிடம் போய்க் கேட்பது இன்ஸ்டகிராமில் அழகாக இராதுதான். பரவாயில்லை, நாங்கள் கேட்போம்.